மூலத்தில் உள்ளவாறே

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் கெங்கம்மாவின் கடை இருக்கிறது. பலகையில் டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் என்று மூன்று சொற்கள் மட்டும்தான். ஆனாலும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் கடைசி ஆண்டு வந்துவிட்டால் எங்கெங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்து சேர்வார்கள். ஆய்வேடு எப்படி இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் போட்டிருக்கும் விதிகள் அத்தனையும் கெங்கம்மாவுக்கு மனப்பாடம்.

இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம், ஏனென்றால் பைண்டிங் அந்தப் பக்கத்தைத் தின்றுவிடும். மற்ற மூன்று பக்கமும் ஓர் அங்குலம். முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண், முதல் இயலிலிருந்து சாதாரண எண். மூன்று வரிக்கு மேல் போகும் மேற்கோளை உள்ளே தள்ளி, வரிகளை நெருக்கிப் போட வேண்டும். ஒருமுறை ஒரு பேராசிரியரே போன் செய்து, இயல்களுக்கு நடுவே வெற்றுப் பக்கம் வந்தால் அதை எண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளிடம் கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் நானூறு ஆய்வேடுகளுக்கு மேல் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட வடிவம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

அவளிடம் பட்டம் கிடையாது. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். மகளை வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்த்தார். முதலாண்டில் ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்று கட்டுரை வாசிக்கச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுபோனதை வாசித்து முடித்த பிறகு விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். பதில் கெங்கம்மாவுக்குத் தெரியும். "அந்தக் காலத்துக் கிடங்கு இன்னும் அங்கதான் கீது சார்" என்றாள். "கீதாவா? யாரும்மா அது, உன் தோழியா?" என்று அவர் கேட்க, வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவள் பெயர் கீதா. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும் நாளில் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தாள், அங்கிருந்து கணினிக்கு வந்தாள், பிறகு இந்தக் கடை. வீட்டில் அவள் பேச்சு மாறவில்லை. வெளியாட்களிடம் மட்டும் எழுதி வைத்துப் படிப்பதுபோல் பேசினாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பீம்ராவ் முதல் தடவை கடைக்கு வந்தபோது, "அக்கா, தீசிஸ் வேல ஒண்ணு கீது, செய்வியா?" என்றான். தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவள் முகம் கொடுக்கவில்லை. அவன் ஒரு இயலை மேசையில் வைத்துவிட்டுப் போனான். 'வடசென்னைத் துறைமுகத் தொழிலாளர் பேச்சுமொழியில் வினைவடிவங்கள்' என்று தலைப்பு. மறுநாள் அவன் வந்தபோது, "குந்து நைனா, டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

பீம்ராவ் வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்தவன். முப்பத்தெட்டு வயது. ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர். ஏழு ஆண்டுகளாக இந்த ஆய்வில் கிடந்தான். மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. நான்காவது கிடையாது என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு பல்கலைக்கழக அலுவலகத்தில் சேராவிட்டால் பதிவு ரத்து.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவன் பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் மூன்று இயல்களை கெங்கம்மாவே தட்டியிருந்தாள். நான்காம் இயலும் பின்னிணைப்பும் அவன் கல்லூரிக் கணினியில் பென்டிரைவைச் செருகி, அதிலேயே தட்டியவை. டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதில் அவனுடைய மடிக்கணினி போய்விட்டிருந்தது. பிழைதிருத்துநரின் சான்றிதழும் இணைக்க வேண்டும் என்பது விதி. அதனால் புதன்கிழமை பென்டிரைவை வண்ணாரப்பேட்டையில் இருக்கும் தேவப்பிரியம் ஐயாவிடம் கொடுத்து, வியாழன் மாலை சான்றிதழோடு திரும்ப வாங்கியிருந்தான்.

ஓரம் பார்த்து, பக்க எண் போட்டு, அச்சடித்து, பைண்டிங் முடித்துப் பகல் ஒரு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்பது கெங்கம்மாவின் திட்டம். நான்காம் இயலில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஒழுங்காக உள்ளே தள்ளியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போனாள். இந்த வேலையில் அவள் எழுத்தைப் படிப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்ப்பாள். ஐம்பத்தேழாம் எடுத்துக்காட்டு மடிந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது. அது ஒரு வரிக்குள் அடங்க வேண்டிய வாக்கியம். ஒருமுறை பீம்ராவ் அதை வாசித்துக் காட்டி இருவரும் சிரித்தது நினைவிருந்தது. நின்று படித்தாள்.

'என்ன தந்தையே, இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறாயா?'

அதற்குக் கீழே விளக்கம்: ''இருக்கிறது' என்னும் வடிவம் 'இருக்கிறது' என்பதிலிருந்து திரிந்தது. எழுத்து வழக்கில் 'இருக்கிறது' என வருவது துறைமுகத் தொழிலாளரிடையே 'இருக்கிறது' என வழங்குகிறது.'

"பீமு, இங்க வா. இத்த படி."

பீம்ராவ் குனிந்து படித்தான். மவுஸை அவள் கையிலிருந்து வாங்கி அடுத்த பக்கம் போனான், அதற்கடுத்தது, பின்னிணைப்பு. நூற்று எண்பத்தாறு வாக்கியங்களும் பள்ளிப் பாடநூல்போல் நின்றன. மீன் ஏலம் விடும் பெண் 'தயவுசெய்து சற்று நகருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது நான் எய்தினது இல்ல."

"தெரியும். அந்தப் பெரியவரு திருத்திகீறாரு. வேற காப்பி எங்க கீது?"

"இல்லக்கா. அதே பேர்ல சேவ் பண்ணிக் குட்த்துட்டாரு. நானும் தொறந்து பாக்கல." அவன் உட்கார்ந்துவிட்டான். "மாத்தினத அப்டியே திருப்பி மாத்த முடியாதா?"

"எப்டி மாத்துவ? உன் எழுத்துலயும் எடத்துக்கு எடம் இருக்கிறதுன்னு வருது. எது உன்னுது, எது அவங்களுதுன்னு மிசினுக்கு இன்னா தெரியும்? அல்லாத்தையும் திருப்பினா உன் முன்னுரையும் கீது கீதுன்னு பூடும்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. பீம்ராவ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கெங்கம்மா அவனை அழ விடவில்லை.

"நோட்டு வெச்சிருப்ப இல்ல? ஆளுங்ககிட்ட போய் எய்தினு வந்தியே."

"அஞ்சு நோட்டு. வூட்ல கீது. ரெண்டு, நான் தட்டி முடிச்ச அப்பால பேஞ்ச மழையில நனஞ்சிபோச்சு."

"பதிவு பண்ணது?"

"போன்ல கொஞ்சம் கீது."

"போன இங்க வெச்சிட்டுப் போ. அதுக்கு முன்ன அந்தப் பெரியவருக்கு ஒரு போன் போட்டு உடனே வரச் சொல்லு. அவரு சர்டிபிகேட்டும் இப்ப செல்லாது."

பீம்ராவ் வண்டியை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் பறந்தான். கெங்கம்மா ஷட்டரைப் பாதி இறக்கினாள். கெட்டுப்போன இடங்களையெல்லாம் முதலில் மஞ்சளாக்கினாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவைத் தட்டினாள். காசிமேட்டில் பேசிய ஒரு பெண்ணின் குரல், பின்னால் விசைப்படகின் சத்தம். 'அவன் அப்பவே பூட்டான்மா, நான் இங்க குந்திகினு கீறேன்.' கெங்கம்மா ஒரு காதால் கேட்டுக்கொண்டே தட்டினாள். விரல்கள் இரண்டு இடத்தில் தாமாகவே 'இருக்கிறேன்' என்று அடித்துவிட்டன. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். கீறேன்.

பத்தே காலுக்குக் குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தார் தேவப்பிரியம். எழுபது வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. நாசரேத் பக்கத்துக்காரர். முப்பத்துநான்கு ஆண்டு தமிழாசிரியராக இருந்துவிட்டு, பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாகக் கணினி கற்றுக்கொண்டு பிழைதிருத்தம் செய்துவந்தார்.

"தம்பி போன்ல அழுதானே, என்ன ஆச்சும்மா?"

"உட்காருங்கள் ஐயா. இதைப் பாருங்கள்." கெங்கம்மா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நான் திருத்துனதுதானே. பிழை நெறைய கெடந்தது. ரெண்டு நாள் ராப்பகலா உக்காந்துல்லா பாத்தேன்."

"அவை பிழை இல்லை ஐயா. அவைதான் ஆய்வு."

அவருக்கு விளங்கவில்லை. கெங்கம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பதிவைச் சத்தமாக வைத்தாள். கேட்ட பிறகும் அவருக்குப் பிடிபடவில்லை. அவள் பொறுமை அங்கேயே அறுந்தது.

"ஏழு வருசம் சார். இந்த ஜனங்க வாயில இன்னா வருதோ அத்த அப்டியே புடிச்சி வெச்சிகீறான். நீங்க கலீஜா கீதுன்னு தொடச்சிட்டீங்க. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா அவனுக்கு டிகிரி கெடையாது."

தேவப்பிரியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நான் நல்லதுன்னு நெனச்சுல்லா செஞ்சேன்" என்றார் மெதுவாக. பிறகு, "நான் இருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

அவரை அடுத்த கணினியில் உட்கார வைத்தாள். எந்த எண்ணில் எந்த விளக்கம் வருகிறது என்று அவர் பார்த்துச் சொல்ல, அவள் வாக்கியத்தை மீட்டாள். பத்தே முக்காலுக்கு பீம்ராவ் நோட்டுகளோடு வந்தான். மூன்று நோட்டுகள் நன்றாக இருந்தன. இரண்டில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. அவன் வாசித்தான், கெங்கம்மா தட்டினாள். சந்தில் தண்ணீர் லாரி வந்து நின்று குடங்களின் சத்தம் எழுந்தபோது எழுந்துபோய் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு வந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வெளியே தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எண்பத்தொம்போது," என்றான் பீம்ராவ். "'அத்த இஸ்துகினு வந்து கீய போட்டான்.'"

"கீழயா, கீயவா?"

"கீய. ய-தான்."

பன்னிரண்டரைக்கு நூற்று எழுபத்தைந்து வாக்கியங்கள் தம் பழைய உருவத்துக்கு வந்துவிட்டன. பதினொன்று மஞ்சளாகவே கிடந்தன. பதினொன்றும் ஒரே ஆளுடையவை. சின்னப்பையன் என்ற துறைமுகத் தொழிலாளி. போனை அணைத்துவிட்டுப் பேசு என்று சொன்னவர், அதனால் குரல் பதிவு இல்லை. அவர் பேச்சு இருந்தது நனைந்துபோன நோட்டில் மட்டும். போய்க் கேட்கவும் வழியில்லை. போன ஆண்டு இறந்துவிட்டார்.

பீம்ராவ் ஒட்டிய பக்கங்களைப் பிளேடால் பிரித்துப் பார்த்தான். எழுத்து இருந்த இடத்தில் காகிதம் உரிந்து வந்தது.

"அக்கா," என்றான். "நீயும் இப்டிதானே பேசற. உங்க அப்பா ஆர்பர்ல வேல செஞ்சவரு. திருத்தின வாக்கியம் கீது, அர்த்தம் கீது. நம்ம பேச்சுல நீயே மாத்தி அடிச்சிடு. சின்னப்பையன் அப்டிதான் சொல்லியிருப்பாரு."

கெங்கம்மா திரையைப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று: 'அவர் அதை அங்கேயே விட்டுவிட்டார்.' அவளால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியும். 'அவரு அத்த அங்கியே உட்டுட்டாரு.' இல்லை, 'உட்டாரு' என்றிருப்பாரோ? அவள் அப்பா 'உட்ட்டாரு' என்று ஒரு டகரத்தை அழுத்துவார். மணி பன்னிரண்டு நாற்பது. கை விசைப்பலகையில் இருந்தது.

"யாருக்கு தெரியப் போகுது?" என்றான் பீம்ராவ்.

"எனக்கு தெரியும் இல்ல."

"அக்கா, டைம் இல்ல."

"டைம் இல்லதான். ஆனா இது அவரு பேச்சுன்னு நீ கீய பேரு போட்டு வெச்சிகீற. சின்னப்பையன், வயது எழுபத்தொன்று, மூட்டைத் தொழிலாளர். நான் அடிச்சா அது என் பேச்சு. பெரியவரு இன்னா செஞ்சாரு? அவங்க வாயில அவரு பேச்ச வெச்சாரு. நான் மட்டும் வெக்கலாமா?"

பீம்ராவ் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். கோபமா அவமானமா என்று தெரியவில்லை. அப்போதுதான் நினைவு வந்தவராய் தேவப்பிரியம் தோல் பையைத் திறந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார்.

"எனக்கு அர்த்தம் புரியாத வரிகள மட்டும் எழுதி வச்சிருந்தேன்," என்றார். "யாருட்டயாவது கேப்போம்னு. திருத்துறதுக்கு முன்னால எழுதுனது. எண் போட்டிருக்கேன்."

இருபத்திரண்டு வாக்கியங்கள் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எண், பின்னால் ஒரு கேள்விக்குறி. பீம்ராவ் டைரியைப் பறிக்காத குறையாக வாங்கினான். சின்னப்பையனுடையவை அதில் ஆறு. நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்தேழு என்று அவன் வாசிக்க வாசிக்க கெங்கம்மா தட்டினாள். 'ஜல்பு புட்ச்சிகினு வூட்லயே குந்திகினேன்' என்ற வரியில் அவன் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தான்.

மீதி ஐந்து. அவற்றை எடுத்துவிடலாம் என்றான் பீம்ராவ். எடுத்தால் அடுத்து வரும் எண்கள் எல்லாம் மாறும். இயல் முழுவதும் 'காண்க: எடுத்துக்காட்டு 152' என்று அவன் கையால் தட்டிய குறிப்புகள் எண்பதுக்கு மேல் இருந்தன. ஒன்று தவறினாலும் படிப்பவர் வேறு வாக்கியத்தில் போய் நிற்பார். எண்ணை விட்டுவிட்டுத் தாவவும் விதியில் இடமில்லை. கெங்கம்மா சற்று யோசித்தாள். பிறகு ஐந்து எண்களையும் அப்படியே வைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியைப் போட்டாள். 'களக்குறிப்பு மழையில் அழிந்தது. மூல வாக்கியம் கிடைக்கவில்லை.'

"இத்த பாத்தா எக்சாமினர் இன்னா நெனப்பாரு?"

"இன்னா வோணா நெனைக்கட்டும். உண்மைதானே."

தேவப்பிரியம் புதிய சான்றிதழைக் கையாலேயே எழுதினார். இந்த ஆய்வேட்டின் உரைநடையை மட்டும் திருத்தியதாகவும், எடுத்துக்காட்டுகள் பேச்சு வழக்கில் உள்ளபடியே விடப்பட்டிருப்பதாகவும் எழுதிக் கையொப்பமிட்டார். கெங்கம்மா நான்கு பிரதிகளை ஓட்டினாள். மூன்றாம் பிரதியில் அச்சுப்பொறி தாளைக் கசக்கிக்கொண்டு நின்றது. மூடியைத் திறந்து சிக்கிய தாளை இழுத்தபோது சூடான உருளை அவள் மணிக்கட்டைச் சுட்டது. வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான்கு பிரதியும் பைண்டிங் பசை காயக் காத்திருந்தன. மூன்று முப்பத்தைந்துக்கு, காய்ந்தும் காயாமலும், ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஆட்டோ என்ற பேச்சே இல்லை. தேரடி மெட்ரோவுக்கு நடந்தார்கள். தேவப்பிரியத்தால் வேகமாக நடக்க முடியவில்லை. முன்னால் போங்கள் என்றார். அவர் கையொப்பத்தைப் பற்றிக் கேட்டால் அவர் வேண்டும் என்று கெங்கம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயிலில் பீம்ராவ் உட்காரவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூடத் தாமதமாவதுபோல் இருந்தது. அலுவலக மாடிப்படி ஏறும்போது மணி நான்கு முப்பத்தெட்டு.

வடிவம் சரிபார்க்கும் மேசையில் ஐம்பது வயதுப் பெண் அலுவலர் ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகையில் ஜெமிமா என்று இருந்தது. கூட வந்தவர்கள் வெளியே நிற்கலாம் என்றார். கெங்கம்மா வாசல் நிலையை ஒட்டி நின்றாள். அந்த அம்மா எஃகு அளவுகோலை எடுத்து இடப்பக்க ஓரத்தை அளந்தார். மேலே, கீழே. ரோமன் எண்களைப் புரட்டிப் பார்த்தார். பொருளடக்கத்தில் மூன்று தலைப்பை எடுத்து, அந்தந்தப் பக்கத்துக்குப் போய்ச் சரிபார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மூடப்போன கை நான்காம் இயலில் நின்றது.

"என்ன சார் இது? 'வூட்ல கீறான்', 'துன்னுகினு'. பிழைதிருத்தச் சான்றிதழ் வேற வச்சிருக்கீங்க. இதையா திருத்தினாங்க?"

"மேடம், அது தரவு," என்றான் பீம்ராவ். "பேச்சு..."

"ஆறாம் விதி படிச்சீங்களா? ஆய்வேடு பிழையற்ற எழுத்துத் தமிழில் அமைய வேண்டும். இந்த மொழியில வாங்கி உள்ள அனுப்பினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. திருத்திக் கொண்டு வாங்க."

"மேடம், இன்னிக்கிதான் கடைசி."

"அது எனக்குத் தெரியுது சார். நான் என்ன செய்ய?"

பீம்ராவ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்கு நாற்பத்தொன்பது. கெங்கம்மா உள்ளே வந்தாள்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. ஆறாம் விதியின் இரண்டாம் உட்பிரிவைச் சொன்னீர்கள். நான்காம் உட்பிரிவையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேற்கோள்களும் களஆய்வில் திரட்டிய தரவுகளும் மூலத்தில் உள்ளவாறே தரப்பட வேண்டும், ஆய்வாளர் அவற்றில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது."

"நீங்க யாரும்மா?"

"இந்த ஆய்வேட்டை வடிவமைத்தவள். இது மொழியைப் பற்றிய ஆய்வு. இந்த வாக்கியங்களைத் திருத்தினால்தான் விதிமீறல் ஆகும். பிழைதிருத்துநரும் வந்திருக்கிறார்."

தேவப்பிரியம் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "ஆமாம்மா," என்றார். "நான் ஒரு தடவ திருத்திக் கெடுத்தேன். அதுக்குப் பொறவு உள்ளபடியே வச்சிருக்கு. என் கையெழுத்து."

ஜெமிமா இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் தேடி, விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பீம்ராவிடம் அவனுடைய நெறியாளரின் எண்ணைக் கேட்டார். நெறியாளர் செங்குட்டுவன் முதல் அழைப்பில் எடுக்கவில்லை. இரண்டாவதிலும் எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஊழியர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். மூன்றாவது அழைப்பில் எடுத்தார். ஜெமிமா சுருக்கமாகக் கேட்டார், "சரி சார், சரி" என்றார், வைத்தார்.

"நெறியாளர்கிட்டேர்ந்து ஒரு கடிதம் திங்கட்கிழமைக்குள்ள வேணும். இது இன்னிக்கித் தேதியில வாங்கிக்கறேன்." முத்திரையை நான்கு பிரதியிலும் குத்தினார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.

பீம்ராவ் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பும் ரயிலில் மூவருக்கும் இடம் கிடைத்தது. கெங்கம்மாவின் மணிக்கட்டில் சுட்ட இடம் சிவந்து கொப்புளமாகியிருந்தது. தேவப்பிரியம் ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தார்போலும்.

"அந்தம்மாட்ட நீ பேசுன தமிழ் எவ்வளவு சுத்தமா இருந்தது தெரியுமா," என்றார்.

"ஆமா சார்," என்றாள் கெங்கம்மா. "நான் பேசற மாதிரி பேசியிருந்தா அவங்க விதிப் புத்தகத்த தொறந்தே இருக்க மாட்டாங்க."

பீம்ராவ் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டு வந்தவள்போல் அவள் முகம் இல்லை. அங்கே நின்று அந்த வாக்கியங்களுக்காக வாதாடியபோதுகூட, அந்த வாக்கியங்களின் பேச்சு தன் வாயில் வரவில்லை என்பது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. வரவழைத்திருக்கலாமா என்று யோசித்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்றும் அவளுக்குத் தெரிந்தது. வண்ணாரப்பேட்டையில் தேவப்பிரியம் இறங்கினார். கதவு மூடும்வரை நடைமேடையிலேயே நின்று கையசைத்தார்.

வாய்மொழித் தேர்வு எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. கெங்கம்மா போகவில்லை. கடையில் வேறொருவரின் ஆய்வேடு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு பீம்ராவ் போன் செய்தான்.

"அக்கா, முடிஞ்சிடுச்சி."

"இன்னா முடிஞ்சிது, ஒயுங்கா சொல்லு."

"குட்த்துட்டாங்கக்கா. டாக்டர்னு கூப்ட்டாங்க."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

"திருத்தம் எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டாள் கெங்கம்மா.

"ஒண்ணே ஒண்ணு. துணைநூற்பட்டியல்ல ஒரு புக்கு வருசம் மாறிக் கெடக்குதாம். உள்ள ஒண்ணு போட்டுகீது, கடைசியில வேற."

"எந்த பக்கம்?"

"அத்த அப்பால பாத்துக்கலாம்க்கா. நீ இன்னா..."

"பக்கத்த சொல்லு நைனா."

அவன் சொன்னான். ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் அவனுடைய கோப்பைத் திறந்தாள்.